கஷாயத்தின் மேல் பழி

சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் பாச்சாவின் குரலுக்கு ஈடில்லை. அதை அவரே சொல்லிவிடுவார். இதயத் துடிப்பு தாறுமாறாகி டாக்டரிடம் வந்தபோதும் குரல் கணீரென்றுதான் இருந்தது.

"எல்லாம் இவ காய்ச்சற கஷாயம், டாக்டர்! ஹார்ட் மாத்திரையோட பச்சிலை சேரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி ஹேமாம்புஜம் தலைகுனிந்தாள்.

"என்ன கஷாயம்மா?" என்றார் டாக்டர்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, நீங்க திட்டின அன்னிக்கே நிறுத்திட்டேனே! மூணு மாசமாறது."

டாக்டர், பாச்சாவின் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். "வாயில என்ன?"

"அதிமதுரம். பாசுரம் சேவிக்கத் தொண்டை வேணுமோன்னோ? நாள் பூரா அடக்கிண்டிருப்பேன். அது மருந்தில்லையே!"

"உங்க மாத்திரையோட சேர்ந்தா அது விஷம், சாமி."

பாச்சா மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல், துப்ப இடம் தேடினார்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.