மிதி, பிடி, விடு

“மிதிம்மா… பிடி… பிடிச்சுக்கினே இரு… இப்ப விடு.”

காருக்கு அடியிலிருந்து தனசேகரனின் குரல் வந்தது. டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து லில்லி பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத வேட்டியில் மட்டுமே அவள் பார்த்திருந்த பட்டுக்கடை முதலாளி, பழைய லுங்கியோடு தரையில் மல்லாந்து கிடந்தார். எல்லாம் அவள் புருஷனுக்காக.

சத்யராஜ்தான் அந்தப் பழைய காரின் டிரைவர். முந்தாநாள் செவிலிமேடு வளைவில் கார் நிற்காமல் போய், சைக்கிளில் வந்த ஒருவர்மேல் ஏறிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. போலீஸ் அழைத்துப் போனதிலிருந்து லில்லி சத்யராஜைப் பார்க்கவில்லை. முதலாளிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டேஷன் வாசலில் இடமில்லை என்று காரையும் அவர் வீட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

பெடல் அடிவரைக்கும் போகிறது, பிரேக் ஆயில் போகும் ஹோஸ் குழாயில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சத்யராஜ் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். “ஆடித் தள்ளுபடி முடியட்டும்டா” என்று முதலாளியும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

“அப்பவே மாத்தியிருக்கணும்மா. என் புத்திய செருப்பால அடிக்கணும்” என்றார் இப்போது, அடியிலிருந்தபடியே.

“நீங்க வேணும்னா செஞ்சீங்க மொதலாளி?”

“நாளைக்குக் காலைல ஆர்டிஓ ஆபீசர் வந்து வண்டிய சோதிச்சுப் பார்ப்பாரு. பிரேக் இல்லன்னு தெரிஞ்சா, தெரிஞ்சே ஓட்டினான்னு அவன் மேல கேஸ இறுக்கிடுவாங்களாம். வக்கீல் சொல்லிட்டாரு. அதான் எந்த மெக்கானிக்கையும் கூப்பிடாம நானே படுத்துக்கினு இருக்கறேன்.”

லில்லி குனிந்து அவரைப் பார்த்தாள். கூடப் பிறந்தவன்கூட எட்டிப் பார்க்காத நேரத்தில் இந்த மனுஷன் கையெல்லாம் பிரேக் ஆயிலோடு கிடக்கிறார்.

“மிதி… பிடி… விடு. சும்மா சொல்லக்கூடாது லில்லி, உன் காலு அளவா மிதிக்குது.”

“தறி மிதிச்ச காலு மொதலாளி. அதுவும் உங்க தறிதான?”

அவர் சிரித்தார். “குழாய்ல இருந்த காத்து எல்லாம் போயிடுச்சு. இப்ப மிதிச்சுப் பாரு.”

“கல்லு மாதிரி நிக்குது!”

அவர் மாட்டியிருந்த புது ஹோஸ்கள் ஸ்டீல் வலை போட்டவை. ஜரிகை பின்னியதுபோல் மின்னின. தனசேகரன் கழிவு ஆயிலில் மண்ணைக் குழைத்து அவற்றின் மேல் தடவ ஆரம்பித்தார்.

“ஐயோ, புதுசுல போய் ஏன் அழுக்க பூசறீங்க?”

“பளபளன்னு இருந்தா எவனாவது கழட்டிக்கினு போயிடுவாம்மா. காலம் கெட்டுக் கிடக்குது.”

முந்தாநாளுக்குப் பிறகு லில்லி முதன்முறையாகச் சிரித்தாள். அவர் கைக்கு எட்டாத பக்கத்து ஹோஸுக்கு, துணியை வாங்கி அவளே பூசிவிட்டாள்.

“ஆபீசர் கேட்டா என்ன சொல்லணும், ஞாபகம் இருக்குதா?”

“இருக்குது மொதலாளி.”

காலையில் ஆபீசர் வந்தார். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். காரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். டயர் கிறீச்சிட்டு நின்ற சத்தம் கேட்டதும் லில்லி கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். வெள்ளை வேட்டியில் தனசேகரன் கைகட்டி நின்றிருந்தார்.

ஆபீசர் இறங்கி வந்து காகிதத்தைப் புரட்டினார். “பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் எழுதிக் குடுத்திருக்கானே… நீ யாரும்மா?”

“அவரு சம்சாரம் சார்.” முதலாளி சொல்லிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை பிசகாமல் அவள் சொன்னாள். “பிரேக்ல எந்தக் குறையும் இல்ல சார். எப்பவுமே நல்லாத்தான் பிடிக்கும். அவரே எங்கிட்ட சொல்லியிருக்காரு.”

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடினார்.

“அப்படின்னா உன் புருஷன் பிரேக்க மிதிக்கவே இல்லம்மா.”