தாடைக்குத் தெரியாது

தாடை மறுபடியும் பிந்தியது.

"என் வீட்டுப் படியில யார்ரா அது?" என்று பதிவு செய்த குரல் கேட்டு முடித்து அரை விநாடி கழித்துத்தான் பிளாஸ்டிக் மண்டை ஓடு வாயைத் திறந்தது. மிரட்டுகிற மாதிரி இல்லை. கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது.

வெர்னன் திருப்புளியை மேசைமேல் எறிந்தான். மறு நொடியே எடுத்துக்கொண்டான்.

மணி நாலேகால். ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதும். அதிலிருந்து எட்டு மணி வரை ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேய் வேஷம் கட்டி, வாசல் விளக்கு எரிகிற வீடாகப் பார்த்து ஏறி மிட்டாய் கேட்பார்கள்.

பதினெட்டு ஹாலோவீனுக்குப் புதர் மறைவில் மைக்கோடு உட்கார்ந்து அவனேதான் உறுமினான். மீசை முளைத்த பையன்களே படியில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இந்த வருடம் மண்டை ஓடு பேசியாக வேண்டும். அது சொதப்பினால் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

பக்கத்து வீட்டு ராய்ஸ் வேலிமேல் சாய்ந்து கராஜுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன வெர்ன், மாப்பிள்ளை இன்னும் வாயைத் திறக்கலயா? எங்க வீட்டுக்கு அனுப்பு. என் மாமியார்கூட ஒரு வாரம் இருந்தா நிறுத்தவே மாட்டான்."

வெர்னன் அவன் பக்கம் திருப்புளியை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. காப்பித்தூளைக் கரைத்து மூன்று முறை பூசியதில் மண்டை ஓட்டுக்கு நூறு வயது கூடியிருந்தது. கண்ணுக்கு டேபிள் டென்னிஸ் பந்து. தாடையை இழுத்து மூடப் பேனாவிலிருந்து கழற்றிய ஸ்பிரிங். உள்ளே தீப்பெட்டி அளவு மோட்டார். படியில் யாராவது கால் வைத்தால் குரல் தானாக ஓடும்; குரல் ஓங்கினால் வாய் பிளக்கும், தணிந்தால் மூடும்.

தொல்லையே அதில்தான். சத்தம் வந்தால் தாடை ஆடும். அது வசனமா, இருமலா என்று தாடைக்குத் தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டே நாளில், அவசர அவசரமாக, சமையலறை மேசையில் உட்கார்ந்து முப்பத்தாறு வசனம் பதிவு செய்திருந்தான். ஒன்றாவது சுத்தமாக இல்லை. நடுவில் நாற்காலி கிறீச்சிட்டது. நாயை அதட்டியிருந்தான். மனைவி டோரீன் ஏதோ சொல்ல, அடக்க முடியாமல் சிரித்திருந்தான். "என்னது, கேக்கல" என்று மட்டும் பதினோரு இடம். அந்த இடமெல்லாம் மண்டை ஓடு பைத்தியம் பிடித்ததுபோல் பல்லைக் கடகடவென்று அடித்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினான். வெட்டியதைப் பழையதன் மேலேயே சேமித்தான். இன்று மத்தியானம் கணினியில் இடம் போதாமல், வெட்டிப் போட்ட துண்டெல்லாம் கிடந்த அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாயிற்று.

ஐந்தரைக்கு ஸ்பிரிங்கை ஒரு சுற்றுத் தளர்த்தினான். வசனம் ஓடியது. தாடை சொல்லோடு சொல்லாகத் திறந்து மூடியது.

டோரீனைக் கூப்பிடச் சுத்தியலால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது, உன்னை மாதிரியே மூஞ்சி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது என்று ஓடினாள். நின்று கேட்கவில்லை. இந்த ஒரு வாரமும் அவள் நின்று கேட்கவில்லை.

சங்கு ஊதியது.

வெர்னன் மண்டை ஓட்டை வாசல் படியருகே நிறுத்தி, வாசல் விளக்கைப் போட்டான். கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டு புதர் மறைவில் குந்தினான்.

முதலில் வந்தது ஒரு சூனியக்காரியும் இரண்டு வௌவாலும். படியில் கால் வைத்ததும் மண்டை ஓடு வாயைப் பிளந்தது.

"மிட்டாய் வேணுமா? போன வருசம் கேட்டவங்க எலும்புதான் மிச்சம்!"

மூன்றும் அலறின. வெர்னன் முட்டியில் ஓங்கிக் குத்திக்கொண்டான். ஜெயித்தாயிற்று.

மண்டை ஓடு வாயை மூடியது. நாலு விநாடி சும்மா இருந்தது. பிறகு மெதுவாக மறுபடியும் திறந்தது.

"டோரீன், அடுப்பை அணைச்சியா?"

வெட்ட விட்டுப்போன ஒன்று.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு! எத்தனை தடவைதான் கேப்பே?" உள்ளேயிருந்து பதில் வந்தது.

சூனியக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, இதுக்குப் பொண்டாட்டி வேற இருக்குடா!"

கதவு திறந்தது. மிட்டாய்க் கிண்ணத்தோடு டோரீன் நின்றாள். யாருக்குப் பதில் சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் வெர்னனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் கடைசியாக அவன் கேட்டதும் அடுப்பைப் பற்றித்தான்.

கிண்ணத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டு, அவள் புதர்ப் பக்கம் வந்து குனிந்தாள். முகமெல்லாம் ஈரம். சிரிக்கவும் செய்தாள்.

"வெர்ன், இதே மாதிரி வேற இருக்கா? சும்மா பேசினது, என்னைக் கூப்பிட்டது… எல்லாத்தையும் போட்டுக் காட்டு."

வெர்னன் மடியிலிருந்த சிலேட்டை எடுத்தான். எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: இல்லை.

சாக்பீஸ் சிலேட்டைத் தொட்டபடியே நின்றது. படியில் அடுத்த பிள்ளை கால் வைத்தது. மண்டை ஓடு வாயைத் திறந்தது.