நடையறியும் விரிப்பு

பேராசிரியரின் ஆய்வுத் திட்டம் ஒரு விரிப்புதான். அறை வாசலில் கிடக்கும் அதன்மேல் நடந்தால், நடையை வைத்தே ஆளை அடையாளம் கண்டு பச்சை விளக்கு எரியும். புது ஆளென்றால் சிவப்பு. திட்டத்தின் அலுவலக வேலைகளைப் பார்க்கும் பிருந்தாவுக்கு ஒரு வாரமாகச் சிவப்பு. பேராசிரியர் அவளை ஏழெட்டு முறை நடக்கவிட்டார். “எல்லாரையும் தெரியுது, உங்களை மட்டும் வேற ஆளுன்னு சொல்லுதேம்மா,” என்று மடிக்கணினியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மேசைமேல் அவளுடைய ஒப்பந்த நீட்டிப்புக் கடிதம் கையெழுத்துக்காகக் கிடந்தது. அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவள் கர்ப்பமென்று தெரிந்த பிறகு, அவர் நீட்டிப்புக் கொடுக்கவில்லை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலம், பிருந்தாவின் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, “எத்தனை மாசம் கண்ணு?” என்றாள் மெல்ல. “நாலுக்கா. கையெழுத்து ஆகற வரைக்கும்…” பேராசிரியர் டீ குடிக்க எழுந்து போனதும், அஞ்சலம் தண்ணீர் வாளியை விரிப்பின்மேல் நிதானமாகச் சாய்த்தாள். திரும்பி வந்த பேராசிரியருக்கும் சிவப்பு எரிந்தது.