மூன்றாவது புத்தகம்

“உலக வரலாறுன்னா இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். தொள்ளாயிரத்து அறுபது பக்கம். மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிக்கிறதுக்கே நூத்தி எண்பது பக்கம் ஆகும். அவசரமே கிடையாது.”

நரைமீசைக்காரர் துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார். லேத்காரர் வயிற்றைப் பிடித்தபடி தலையாட்டினார்.

அது பூட்டுத் தொழிற்சாலையின் மருந்தகம். டாக்டர் அறை சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் ஏழு நோயாளிகள், எதிரே ஸ்டூலில் அந்த நரைமீசைக்காரர். லேத் மெஷின் ஓட்டுகிற நம் ஆள்தான் ஏழாவது. வயிற்றுவலி என்று முனகினாரே தவிர, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவருக்கு. நாளை மறுநாள் மச்சினன் கல்யாணம். லீவு கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று நாளைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் வீட்டுப் படியேற வேண்டாம் என்று மனைவியும் கறாராகச் சொல்லிவிட்டாள். மனிதர் வேறு என்னதான் செய்வார், பாவம்.

“நீங்க எல்லாரும் நம்மள மாதிரி வாசிக்கிறவங்கதான், மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது,” என்றார் நரைமீசைக்காரர். “முன்னுரையை மட்டும் படிச்சுக் காட்டுறேன்.”

முன்னுரை நாற்பது பக்கம். பதினோராம் பக்கத்தில், இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று வந்திருந்த லாரி டிரைவர் விறைப்பாக எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

“அண்ணே, டாக்டரைப் பார்க்கலையா?” என்றார் லேத்காரர்.

“வலி விட்டுடுச்சுப்பா. ஆளை விடு.”

அவருக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் நழுவினார்கள். நரைமீசைக்காரர் சற்றும் அசராமல் அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

“இது இன்னும் பிரபலம். படிச்சவங்க எல்லாரும் அடுத்தவங்களுக்குச் சொல்லாம இருக்கவே மாட்டாங்க. அத்தியாயத்துக்கு ஒரு சாம்ராஜ்யம் விழும். மொத்தம் எழுபத்திரெண்டு. எது எந்த வருஷம் விழுந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன்.”

நாலாவது சாம்ராஜ்யம் விழுந்தபோது பெயிண்டரும் கேண்டீன் அக்காவும் காணாமல் போனார்கள். ஒன்பதாவதில் வாட்ச்மேன் ஓடியே போனார். வரும்போது எந்தக் காலை நொண்டினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

லேத்காரருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இனி வரிசையில் அவர் மட்டும்தான். தலை விண் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுபத்திரண்டும் விழுந்து முடிந்தன. நரைமீசைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“தம்பி, நீங்க கிளம்பலையா?”

“இல்லண்ணே. அடுத்த புத்தகத்தைச் சொல்லுங்க.”

“அடுத்ததா?” பெரியவர் பையைத் துழாவினார். “இது... கதவுத் தாழ்ப்பாளை வச்சே உலக வரலாறு. ரெண்டு பாகம்.”

“அப்படியா? ரெண்டாவது பாகத்துல என்ன வருது?”

நரைமீசைக்காரர் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் அறைக்குள் ஓடினார். அடுத்த நிமிடம் டாக்டரே வெளியே வந்து, லேத்காரரைப் பெஞ்சில் படுக்க வைத்து நாடியைப் பிடித்தார்.

“அசையாதீங்க. பேசாதீங்க.”

“என்னாச்சு டாக்டர்?”

“இவர் என்னோட கம்பவுண்டர். பொய் சொல்லி லீவுக்கு வர்றவங்களை வடிகட்டத்தான் இவரை வெளிய உட்கார வச்சிருக்கேன். பொய் வலியெல்லாம் ரெண்டாவது புத்தகத்துக்குள்ள ஓடிடும். எழுந்து ஓட முடியாத அளவுக்கு வியாதி இருக்கிறவங்கதான் மிச்சம் இருப்பாங்க. மூணாவது வரைக்கும் தாங்குனவர் இத்தனை வருஷத்துல ஒருத்தர்தான். அவர் ஆஸ்பத்திரியில ஆறு மாசம் கிடந்தார். அவர்கூட ரெண்டாவது பாகத்தைக் கேட்கலை.”

லேத்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“சத்தியமா எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர். மச்சினன் கல்யாணத்துக்குப் போகணும்னு பொய் சொன்னேன். நான் கல்லு மாதிரி இருக்கேன்.”

டாக்டர் கவலையோடு கம்பவுண்டரிடம் திரும்பினார்.

“பிதற்றலும் ஆரம்பிச்சிடுச்சு, எழுதிக்குங்க. ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்க, எப்படியும் பத்து நாளைக்கு எழுந்திருக்க விடக்கூடாது.”