பதினெட்டாம் நம்பர் டப்பா

"சத்தியமாச் சொல்றேன் டாக்டர், இந்தப் பதினோரு மாசத்துல வெளிச்சாப்பாடு எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சதில்ல!"

இந்திராணி வலது கையை உயர்த்திக்கொண்டு அறிவித்தாள். குடியரசு தினத்தன்று கொடி ஏற்றுகிறவர்கள்கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் பூவராகவன், ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து டெல்லி மோதி பாக் காலனியில் இந்திராணிதான் பாதி டாக்டர். உருளைக்கிழங்கை நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். உப்பை ஹோமியோபதி மருந்து மாதிரி அளப்பாள். ஆர்.கே.புரத்திலிருந்தெல்லாம் போன் போட்டு யோசனை கேட்பார்கள். ஃபீஸ் கிடையாது, கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

டாக்டர் ஜோதிலிங்கம் கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். குடலில் கெட்ட கிருமிகள் உண்டாக்கும் விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் அழற்சியைக் கிளப்புகிறது; நல்ல கிருமிகளைக் கேப்ஸ்யூலில் அடைத்து உள்ளே அனுப்பினால் சிறுநீரகத்தின் சுமை குறையுமா என்று பார்க்க வேண்டும். இருபது நோயாளிகள், ஆறு மாதம். பூவராகவன் பதினெட்டாம் நம்பர்.

அந்த நம்பரை அவர் சாமி படத்துக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார். டயாலிசிஸ் வார்டின் கதவு கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே, இந்த அறைக்கு இரண்டு மாடி சுற்றி வருகிற மனிதர் அவர்.

"சார், போன செவ்வாய்க்கிழமை நீங்க குடுத்த டப்பா..." டாக்டர் தொண்டையைச் செருமினார். "உங்க மோஷன்ல ஜியார்டியான்னு ஒரு கிருமி இருக்கு. அசுத்தமான தண்ணியில வர்றது."

பூவராகவன் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல கொதிக்க வச்ச தண்ணிதானே? அப்ப வெளியில எங்கயோ வாய் வச்சிருக்கீங்க. என் அனுபவத்துல சொல்றேன், கோல்கப்பா, அதான் பானிபூரி."

"என்னது!" இந்திராணி படத்திலிருந்து திரும்பினாள். "கோல்கப்பாவா? என்னங்க இது அநியாயம்?"

"பத்தியம் காக்காதவங்களை நான் வச்சுக்க முடியாது, சார். வெளியில நாப்பது பேர் காத்திருக்காங்க. ஒளிக்காமச் சொன்னீங்கன்னா யோசிக்கலாம்."

பூவராகவன் ரிப்போர்ட் பையின் காதை முறுக்கினார். "சாப்பிட்டேன் டாக்டர்" என்றார்.

"எங்க?"

"சரோஜினி நகர் மார்க்கெட்ல..."

"துணிக்கடை முக்குல வண்டி வச்சுக்கிட்டு ஒரு பையா நிப்பானே, அவன்கிட்டயா?" இது இந்திராணி.

"அவன்கிட்டதான்."

"எத்தனை ப்ளேட்?"

"ஒண்ணு."

"ஒண்ணோட நிக்கிற வாயா அது!"

"சரி, ரெண்டு."

"அதுக்கு மேல புதினாத் தண்ணியைத் தொன்னையில கேட்டு வாங்கிக் குடிச்சிருப்பீங்களே! கடைசியில ஓசியில தண்ணி ஊத்தாத சூக்கா பூரி ஒண்ணு வேற!"

"அதுவும்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, நீங்க போலீஸ்ல இருக்க வேண்டியவங்க."

"முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன் டாக்டர். இவர் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"ஆராய்ச்சியை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க டாக்டர்" என்றார் பூவராகவன். அதைக் கேட்டதும் இந்திராணியின் உயர்ந்த கை தானாக இறங்கி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"பாவம் டாக்டர். நாக்குதானே, ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேக்கல. இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. நான் பொறுப்பு."

இளம் டாக்டருக்கு மனம் இளகிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிற கணவரையும், ஒத்துக்கொள்ள வைக்கிற மனைவியையும் ஒரே அறையில் அவர் பார்த்ததில்லை.

"அச்சா, அஞ்சு நாள் மாத்திரை எழுதறேன். பத்து நாள் கழிச்சுப் புது டப்பா கொண்டுவாங்க. அது சுத்தமா இருந்தா கேப்ஸ்யூலை ஆரம்பிச்சுடலாம். இவங்க முகத்துக்காகத்தான் விடறேன், சார்."

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார் பூவராகவன்.

கீழே மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிறகு பூவராகவன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் பாட்டிலோடு மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, முழுங்கு."

"கசக்குமாங்க?"

"புதினாத் தண்ணி மாதிரி இருக்காது."

போன செவ்வாய்க்கிழமை பூவராகவனுக்கு நான்கு நாளாக மலச்சிக்கல். டப்பாவை நிரப்பிக் கொடுத்தது இந்திராணி.