நெல்தா வெளியே போன ராசி

கோல் விழுந்தபோது நெல்தா வீட்டில்தான் இருந்தாள்.

கொல்லைப்பக்கம், துணி துவைக்கும் தகரக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். முன்னறையில் அவள் கணவன் வில்மார் போட்ட கூச்சல், கூரையில் கொட்டிய மழையையும் தாண்டிக் கேட்டது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில் வில்மாரின் சான் எலிகியோ கால்பந்து அணி மூன்று கோல் போட்டது. அன்று ஆரம்பித்தது வினை.

அதிலிருந்து, அணி ஆடும் நாளெல்லாம் முதல் விசிலுக்கு முன்பே அவள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். சதுக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி விசிலுக்குப் பிறகு வரலாம். அணி தோற்றால் அவள் இரண்டு நிமிடம் முந்தி வந்திருப்பாள். சமன் ஆனால், பெஞ்சின் தப்பான மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு அலுத்துவிட்டது. மொந்தேவிதேயோ நகரத்தின் ஜூலை மாதக் குளிர்காலத்தில் அந்தக் கல் பெஞ்சை அறுபத்தெட்டு வயது இடுப்பு தாங்கவில்லை.

இன்று மேலங்கியை மாட்டினாள். வாசல் கதவைத் திறந்தாள். உள்ளே நின்றபடியே ஓங்கிச் சாத்தினாள்.

பிறகு, டி.வி.யை விட்டுக் கண்ணெடுக்காத அவன் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து கொல்லைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் துரோகம்.

ஆட்டம் முடிந்துவிட்டது. வில்மார் போனில் அவள் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"அதிர்ஷ்டமா? மூணு தடவை கம்பத்துல பட்டு வெளிய போச்சுன்னா, கம்பம் யாரோடது? நம்ம மைதானம், நம்ம கம்பம்! பெனால்டியை அவன் வானத்துக்கு அடிச்சான்னா, நம்ம கோல்கீப்பர் மொறைச்ச மொறைப்பு அப்படி!"

தம்பி ஏதோ சொன்னான் போலிருக்கிறது.

"சரிடா, நம்மாளு ஒருத்தனும் கோலைப் பார்த்து அடிக்கல. அடிக்காமலே ஜெயிக்கிறோம், அடிக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்னு யோசி! கடைசி நிமிஷத்துல அவனே அவன் வலைக்குள்ள உருட்டி விட்டானே, சும்மாவா? பயம்டா, பயம்! இன்னும் ஆறு ஆட்டம். ஆறையும் ஜெயிச்சுட்டா ரெண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டாம். உங்கக்கா இந்த மழையிலயும் போய் உக்காந்திருக்கா பாரு. எல்லாம் அவளாலதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நெல்தா வாளியை விட்டு எழுந்தாள். மார்ச்சில் வில்மார் தன் அண்ணனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவன் சிரித்து அவள் கேட்கவில்லை. ஆட்டத்தின்போது அண்ணன் உட்காரும் நாற்காலி இன்னும் டி.வி.க்கு எதிரே, அவன் பக்கத்தில் காலியாகக் கிடக்கிறது. அதை ஒரு விரல் அளவுகூட நகர்த்தக் கூடாது. அதுவும் ராசிதான்.

உண்மையைச் சொன்னால் இனி பெஞ்சுக்குப் போக வேண்டாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் மறுபடி சிரித்தான்.

அவள் துவைகல் பக்கத்துக் குழாயைத் திறந்தாள். ஐஸ் போன்ற தண்ணீரைக் கைநிறைய அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள். தோளில் கொஞ்சம். இன்னும் ஆறு ஞாயிறு என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதுவும் தண்ணீரோடு போயிற்று.

வில்மார் ஜன்னலோரம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வழியாக அடிமேல் அடி வைத்து வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள், ஓங்கிச் சாத்தினாள்.

"வந்துட்டா! தொப்பலா நனைஞ்சு வந்துட்டா!" என்று போனை வைத்தான்.

துண்டை எடுத்து வந்து அவனே அவள் தலையைத் துவட்டினான். ஆறு ஆட்டத்தையும் எப்படி ஜெயிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

நாலாவது ஆட்டத்தில் பேச்சு நின்றது.

அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. கதவோரம் பழைய செய்தித்தாளின் மேல் அவளுடைய பூட்ஸ், பொட்டு ஈரமில்லாமல். கொல்லைக் கதவிலிருந்து வாசல்வரை, தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நெல்தா துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை மெனக்கெட்டும் பூட்ஸை மறந்துவிட்டாளே. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

காலடிச் சத்தம் முன்னறைக்குப் போயிற்று. தரையில் ஏதோ இழுபட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது, வில்மார் அண்ணனுடைய நாற்காலியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஆறு ஆட்டத்துக்கும் இடத்தை மட்டும் மாத்திடாத," என்றான், திரும்பாமலே. "அங்க உக்கார ஒண்ணும் இல்லியே."