சுற்றும் வட்டம்

மதிய வெயில் திரையின் பாதியை வெளுத்துவிட, புரோகிராமர் பெண் ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுகிறாள். முதுகுக்குப் பின்னால் டீம் லீடர், ஆறிப்போன காபியோடு. ஆஸ்பத்திரி மென்பொருளில் சேமிக்கும் வேலையை, பின்னணியில் தனியே ஓடும் த்ரெட்டாகக் கிளப்ப அவர் எழுதி வைத்திருந்த கட்டளை ‘பிகின்த்ரெட்’. அவள் அதை ‘பிகின்த்ரெட்எக்ஸ்’ ஆக்கியிருக்கிறாள். “பத்து வருஷமா ஓடுதும்மா. பழையபடி மாத்து.” “மாத்த மாட்டேன் சார். உங்களோடது வேலை முடிஞ்சதும், த்ரெட்டோட அடையாள நம்பரான ஹேண்டிலையும் தானே மூடிட்டுப் போயிடும். அதே நம்பர் வேற எதுக்கோ போயிடும். முடிஞ்சுதான்னு அதைப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கிற நாம இலவு காத்த கிளிதான். எக்ஸ் போட்டா, நாம மூடுற வரைக்கும் ஹேண்டில் நம்ம கையில இருக்கும்.” “இத்தனை நாள் வராத பிரச்சனையா?” “ஆஸ்பத்திரி கவுன்டர்ல நோயாளிங்க வரிசையில நிக்கிறாங்க சார்.” “நான் சொல்றேன்ல, மாத்து!” மேசை விசிறி திரும்பிவந்து அவள் முன்முடியைக் கலைக்கிறது. ஒதுக்கிவிடாமல் எழுகிறாள், நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிடுகிறாள். “அப்போ நீங்களே உக்காந்து மாத்துங்க. யார் மாத்தினாங்கன்னு பேரோட பதிவாகும்.” நாற்காலி அவர் முழங்காலில் இடித்து நிற்கிறது. அவர் உட்காரவில்லை. அவருடைய பழைய வரி ஓடும் பக்கத்துத் திரையில், காலையிலிருந்து ‘சேமிக்கிறது’ என்றபடி சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.